ஃபிளிட்டும் அதன் நிழலும்

அந்தச் சொல்லை நான் முதன்முதலில் சந்தித்தது பாலாவிச் சந்தியில், ஒரு மாடி அறையில். கீழே சீமெந்து லொறிகள் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி நடுங்கும். சனிக்கிழமை ஆங்கில வகுப்பு. வாசிக்கத் தந்த பந்தியில் ஒரு சின்னப் பறவை வேலியிலிருந்து மரத்துக்கு ‘ஃபிளிட்’ ஆகிப் போயிருந்தது. அகராதியைப் புரட்டினேன். இலேசாக, விரைவாக அசைதல் என்று போட்டிருந்தது. வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நாக்கு நுனி மேலே தட்டிவிட்டு உடனே இறங்கிவிட்டது. பறவை கிளையில் கால் வைத்து எடுத்த மாதிரி இருந்தது.

அன்று பின்னேரம் குறிஞ்சிப்பிட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. உப்பளங்கள் வெள்ளையாகக் கடந்துகொண்டிருந்தன. பாத்திகளின் வரப்பில் சின்னஞ்சிறு உள்ளான் குருவிகள் ஓடுவதா பறப்பதா என்று தீர்மானிக்காமல் இரண்டையும் செய்தன. ஃபிளிட், ஃபிளிட், ஃபிளிட் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நுரைச்சோலைப் புகைபோக்கி தூரத்தில் தெரிந்தபோதுதான் அரைமணி நேரம் போய்விட்டது தெரிந்தது.

எங்கள் வீட்டில் ஓ.எல். பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். ஏ.எல். எழுதிய முதல் ஆளும் நான்தான். வாப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார், அதையும் வலை முடிவது போல ஒவ்வொரு எழுத்தாக முடிச்சுப் போட்டு எழுதுவார். ஆகவே ஒரு சொல் எனக்குக் கிடைத்தால் அது எனக்கு மட்டும் கிடைத்ததாக இருக்காது, வீட்டுக்கே கிடைத்ததாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அதற்கென்று ஒரு கொப்பி வைத்தேன். இடது பக்கம் அகராதி சொன்னது. வலது பக்கம் நான் கண்டது.

இடது பக்கத்தில் வௌவாலும் வண்ணத்துப்பூச்சியும் ஃபிளிட் ஆயின. ஒருவர் முகத்தில் சிரிப்பு வந்து நிற்காமல் போவதும் ஃபிளிட்தான். ஒரு நினைவு மனதின் குறுக்கே கடப்பதும் அதுவே. ஒன்றிலும் நிலைக்காமல் வேலைக்கு வேலை தாவும் ஆளைப் பற்றியும் சொல்லலாம், ஆனால் அப்போது அந்தச் சொல்லில் கொஞ்சம் ஏச்சு கலந்துவிடுகிறது. மாட்டுக்கு அந்தச் சொல் வராது. வாப்பாவின் தம்பி, என் சாச்சாவுக்கும் வராது. அவர் தோணியில் ஏறினால் தோணி ஒரு சாண் இறங்கும்.

வலது பக்கத்தில் நான் எழுதியவை: உம்மா மிளகாய்க் காம்பு கிள்ளும்போது அவருடைய விரல்கள். பள்ளிவாசல் தொட்டிக்கு மேலே தும்பிகள். மத்ரஸா விடும் நேரம் ஒழுங்கைக்குள் சிதறும் வெள்ளைத் தொப்பிகள். கொடியில் காயும் மெல்லிய துணியின் நிழல் சுவரில். இப்படி இரண்டு வருடம் எழுதினேன். சில நாட்களில் உலகம் முழுவதும் அந்த ஒரே அசைவால் செய்யப்பட்டதைப் போல இருக்கும். சோறு ஆறுவதும் தெரியாமல் நான் கதவு நிலையில் நின்று வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெரிய அகராதியில் இன்னொரு பொருளும் இருந்தது. ஆங்கிலேயரின் நாட்டில் வடக்குப் பக்கத்துச் சனங்கள் வீடு மாறுவதற்கும் அதே சொல்லைச் சொல்வார்களாம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. உம்மா தொண்ணூறில், முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, மன்னாரிலிருந்து தோணியில் வந்தவர். அப்போது அவருக்கு எட்டு வயது. மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்த உம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“உம்மா, நீங்க மன்னார்ல இரிந்து வந்ததுக்கும் இந்தச் சொல்ல சொல்லலாமாம்.”

“என்ன சொல்லு?”

“குருவி பறக்கிற மாதிரி, லேசா, டக்கெண்டு போறது.”

உம்மா கிள்ளுவதை நிறுத்தவில்லை. “லேசாவா? ஓம், கையில ஒண்டும் இல்லத்தான். ஒரு பேக் மட்டும். ஆனா எங்கட உம்மா அந்தத் தோணில ஏறக்குள்ள காலத் தூக்கி வைக்க ஏலாம நிண்டத நான் பார்த்தன் மகள். அது குருவி இல்ல.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பொருள் பிழையெண்டு நான் சொல்லல்ல. எழுது, எழுது,” என்றார்.

நான் எழுதினேன். இடது பக்கத்தில். வலது பக்கத்தில் எதையும் எழுதவில்லை.

படிப்பு முடிந்ததும், ஊருக்குப் பின்னால் கடலேரியாகக் கிடக்கும் களப்பின் ஓரத்தில் இருந்த ஒரு விடுதியில் எனக்கு வேலை கிடைத்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளிநாட்டார் அங்கே வந்து தங்குவார்கள். இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு, காலில் பலகையோடு, காற்று இழுக்கத் தண்ணீருக்கு மேலே பறப்பார்கள். நான் முன்மேசையில் இருந்தேன். வருகிறவர்களோடு ஆங்கிலத்தில் கதைப்பதும், சமையற்காரருக்கும் தோட்டக்காரருக்கும் அதைத் தமிழில் சொல்வதும் என் வேலை. எங்கள் ஊரில் இருந்து அந்த மேசைக்குப் பின்னால் இருந்த முதல் பெண் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் அதே கச்சான் மாதங்களில்தான் மேற்குக் கடல் கொந்தளிக்கும். சின்னத் தோணிகள் வெளியே போக முடியாது. அப்போது எங்கள் ஆட்கள் பின்பக்கம் திரும்பி களப்பில் வலை போடுவார்கள். கரை உள்வாங்கிய ஒரு வளைவு வாப்பாவுக்கென்று அங்கே உண்டு. முழங்கால் அளவு தண்ணீர். கம்பு ஊன்றி வலையை அரைவட்டமாக விரித்து, வாயைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். பின்னேரம் நீர் ஏறும்போது மணலை மீன் கூட்டமாக உள்ளே வரும். அந்த வளைவு இல்லாவிட்டால் கச்சான் முடியும் வரை அவர் கிழக்குக் கரைக்குப் போய், மீன்பிடிக்கிறவர்கள் போடும் ஓலைக் குடிசையான வாடியில் தங்கித் தொழில் செய்ய வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படித்தான் போவார். மூன்று மாதம் கழித்து வரும்போது என் தம்பி அவரை ஆளடையாளம் தெரியாமல் அழுவான்.

அந்த வருடம் விடுதிக்கு வளைவுப் பக்கமும் தேவைப்பட்டது. அங்கே காற்று ஒரே சீராக வரும், தண்ணீர் தட்டையாக இருக்கும், பழகுகிறவர்களுக்கு நல்லது. மீன்பிடிக்கிறவர்களைக் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று பட்டம் பழக்கும் வெள்ளைக்காரப் பெண்தான் சொன்னாள். நல்ல மனுசி. மூக்கு எப்போதும் வெயிலில் உரிந்திருக்கும். ஆகவே பூவரச மரத்தடியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். வாப்பாவும் சாச்சாவும் இன்னும் ஆறு பேரும் வந்திருந்தார்கள். விடுதி மனேஜர் கதிரைகள் கொண்டுவந்து போட்டார். நான் நடுவில் நின்றேன்.

அவள் எழுந்து நின்று கதைத்தாள். கயிறு வலையில் மாட்டாது, படகு வராது, எண்ணெய் சிந்தாது என்றாள். பிறகு கையைத் தட்டையாக விரித்து காற்றில் இழுத்துக் காட்டிக்கொண்டு, நாங்கள் தண்ணீருக்கு மேலே ஃபிளிட் ஆகிப் போவோம், ஒன்றையும் தொடமாட்டோம் என்றாள்.

என் சொல்! சன நெரிசலில் சொந்தக்காரரைக் கண்டது போல எனக்கு நெஞ்சு நிறைந்தது. இரண்டு வருடம் நான் தனியாக வைத்திருந்த சொல்லை இன்னொருவர் வாயால், எங்கள் களப்புக்கு முன்னால், கேட்கிறேன். அதற்குத் தமிழில் என்ன? பறப்பார்கள் என்றால் உயரம் வந்துவிடும். பாய்வார்கள் என்றால் பாரம் வந்துவிடும். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தும்பி மாதிரிப் போவாங்க,” என்றேன். “தண்ணியத் தொட்டும் தொடாமலும்.”

சாச்சா தொடையில் அடித்துச் சிரித்தார். “இந்த உடம்புக்கா? அந்தா அந்தக் குண்டன் வெள்ளைக்காரன் தும்பியெண்டா நானும் தும்பிதான்.”

“நீ இருந்தா பட்டம் எழும்பாது,” என்றார் ஒருவர். “பட்டம்தான் உனக்கு மேல வந்து இருக்கும்.”

சிரிப்பு மரத்தைச் சுற்றி வந்தது. எனக்குப் பெருமை. ஒரு சொல்லால் எட்டு ஆண்களைச் சிரிக்க வைத்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்குள்தான் வாப்பா மெதுவாகக் கேட்டார்.

“மகள், அதுட நிழல் எங்க விழும் எண்டு கேளு.”

நான் அதை ஆங்கிலத்தில் கேட்கவில்லை.

ஏன் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அவ்வளவு அழகான சொல்லுக்குப் பிறகு அந்தக் கேள்வி நாட்டுப்புறமாகத் தெரிந்தது. வெள்ளைக்காரிக்கு முன்னால் என் வாப்பா நிழலைப் பற்றிக் கேட்கிறார் என்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. “அது மேல போற சாமான் வாப்பா,” என்று நானே பதில் சொன்னேன். “நிழல் தண்ணில தெரியவே தெரியாது.”

வாப்பா தலையை ஆட்டினார். அவர் சரியென்றதும் மற்றவர்களும் சரியென்றார்கள். வளைவு அவருடையதுதானே.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வலை கிடக்கும்போது யாரும் அதன் வாய்ப்பக்கம் நிழல் விழ நடக்கக் கூடாது. சூரியனைப் பார்த்துச் சுற்றிப் போக வேண்டும், முடியாவிட்டால் குனிந்து போக வேண்டும். பருந்தின் நிழலுக்குப் பயந்து பழகிய மீன் எந்த நிழலுக்கும் ஓடும். பிள்ளைகளாக நாங்கள் கரையில் ஓடும்போது பெரியவர்கள் கத்துவார்கள்: “நிழலத் தூக்கிட்டு அங்கால போ!” தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாமான் போல. நாங்களும் இரண்டு கையாலும் ஏதோ தூக்குவது போலப் பாவனை செய்துகொண்டு ஓடுவோம். இது தெரியாத பிள்ளை குறிஞ்சிப்பிட்டிக் கரையில் இல்லை. எனக்கு எழுத்துத் தெரிய முன்பே இது தெரியும்.

பட்டங்கள் வந்தன. சிவப்பு, மஞ்சள், கடும் நீலம். மத்தியானத்துக்குப் பிறகு முன்மேசையில் வேலை குறைவு. நான் யன்னலோரம் நின்று பார்ப்பேன். காற்று அவற்றைச் சாய்த்து எடுத்துக்கொண்டு போகும். திரும்பும்போது ஒரு கணம் எல்லாம் நின்றுவிட்டது போல இருக்கும், பிறகு மறுபடி வழுக்கும். வலது பக்கத்தில் ஒரு முழுத்தாள் எழுதினேன். அந்த நாட்களில் நான் நடந்தேனா மிதந்தேனா என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வாப்பாவின் மீன் பெட்டி வெறுமையாக வந்தது. முதல் வாரம் காற்று சரியில்லை என்றார். இரண்டாம் வாரம் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். உம்மா பருப்பு வைத்தார், அடுத்த நாளும் பருப்பு வைத்தார். சாச்சாதான் வாசலில் நின்றுகொண்டு சொன்னார்:

“புள்ள, உன்ட தும்பி நல்ல தும்பி. எங்கட மீனையெல்லாம் கூட்டிட்டுப் போயிட்டு.”

“நீ சும்மா இரி,” என்றார் வாப்பா.

“நான் எங்க சும்மா இரிக்க? வலைதான் சும்மா இரிக்கி.”

ஒரு வியாழக்கிழமை வேலை விட்டு வந்தபோது அலுமாரியின் மேலே இருந்த பழைய பச்சை பேக் கீழே இறங்கி, தூசி தட்டப்பட்டு, கதிரையில் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. உம்மா வாப்பாவின் இரண்டு சாரனை மடித்து உள்ளே வைத்தார்.

“திங்கக்கிழமை கிழக்குக்குப் போறாராம்,” என்றார். “கச்சான் முடிய வருவாராம்.”

வாப்பாவுக்கு முழங்கால் வருத்தம். வாடியின் மணல் தரையில் மூன்று மாதம் படுக்க வேண்டும். அன்று நான் கொப்பியைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை எனக்கு அரைநாள் லீவு. ஜும்ஆ முடிந்து வந்த வாப்பாவோடு நானும் களப்புக்குப் போனேன். பாவாடையை முடிந்துகொண்டு தண்ணீரில் இறங்கி, வலையின் கடைசிக் கம்புக்கு அருகில் குனிந்து நின்றேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் மணல் ஒவ்வொரு நெளிவாகத் தெரிந்தது. காதில் காற்றின் சத்தம் மட்டும். எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியவில்லை. நின்றுகொண்டே தூங்குவது போல இருந்தது.

பிறகு தண்ணீரின் தோல் ஓரிடத்தில் சிலிர்த்தது. மணலைக் கூட்டம். வெள்ளி ஊசிகள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்து, ஒன்றாக நின்று ஒன்றாக நகர்ந்து, வலையின் வாயை நோக்கி வந்தன. வாப்பாவின் கை கயிற்றில் இறுகியது.

அப்போது அது வந்தது. மணலின் மேலே, சத்தமில்லாமல், பிறைபோல வளைந்த ஒரு கறுப்பு. பட்டத்தின் நிழல். மேட்டில் ஏறவில்லை, பள்ளத்தில் இறங்கவில்லை, என் கால்களின் மேலாகக் கடந்தபோது ஒரு தூசி கனம்கூட இல்லை. நான் இரண்டு வருடம் தேடிக்கொண்டிருந்த அசைவு அதுதான். எந்தப் பறவையும், எந்த விரலும் அதை அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. ஃபிளிட்.

மீன்கள் வெடித்துச் சிதறின. தண்ணீர் ஒருமுறை கொதித்தது போல ஆனது. பிறகு மணல் மட்டும் இருந்தது.

வாப்பா கயிற்றை விட்டார்.

“வடிவாத்தான் இரிக்கி,” என்றார் மேலே பார்த்து. கேலி இல்லை. அவருக்கு உண்மையில் அது வடிவாக இருந்தது.

“வாப்பா, அண்டைக்கு நீங்க கேட்டத நான் அவங்கள்ட்ட கேக்கல்ல.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்? உங்களுக்கு இங்கிலீசு விளங்காதே.”

“விளங்கத் தேவையில்ல. உன்ட வாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லையே மகள்.” வலையின் ஒரு முடிச்சைச் சரிபார்த்தார். “சரி, படிச்ச புள்ள சொல்லுது எண்டு நினைச்சன்.”

களப்பு ஓரத்தில் நான் அழவில்லை. என் குணம் அப்படி. ஆனால் கரைக்கு வந்து செருப்புப் போடும்போது எந்தக் காலுக்கு எது என்று தெரியவில்லை.

நேராக விடுதிக்குப் போனேன். வெள்ளைக்காரி கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றும் விளக்காமல், என்னோடு ஒருமுறை வா, வலைக் கம்புக்குப் பக்கத்தில் குனிந்து நில் என்றேன். வந்தாள். அவளை வளைவில் வாப்பாவுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன். தூரத்தில் அவளுடைய மாணவர்கள் இரண்டு பேர் போய் வந்துகொண்டிருந்தார்கள். மீன் மறுபடி வருவதற்கு நிறைய நேரம் ஆனது. கொஞ்சம்தான் வந்தது. நிழல் கடந்தது. மீன் போனது.

“ஓ,” என்றாள் அவள். இன்னும் கொஞ்சம் நின்றாள். அடுத்த நிழல் வந்தபோது, தானே ஒரு மீன் போல உடம்பைச் சுருக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி பூவரச மரத்தடி. அதே கதிரைகள், அதே எட்டுப் பேர். மனேஜர் முகத்தை வேறுபக்கம் வைத்திருந்தார். வருகிறவர்கள் காற்றுக்காகத்தான் வருகிறார்கள், அந்தப் பக்கம் இல்லாவிட்டால் வேறு விடுதிக்குப் போய்விடுவார்கள் என்றார். அவர் சொன்னதை ஒன்றும் குறைக்காமல் தமிழில் சொன்னேன். பிறகு வாப்பாவைப் பார்த்து, “வாப்பா, அண்டைக்குக் கேட்ட கேள்விய இப்ப கேளுங்க,” என்றேன்.

“அதுட நிழல் எங்க விழும் எண்டு கேளு.”

நான் அவள் பக்கம் திரும்பினேன். சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, ஆங்கிலத்தில் கேட்டேன். தலைகுனிய ஒன்றுமில்லாத கேள்வி அது. ஆங்கிலத்திலும் நன்றாகவே இருந்தது.

“இப்ப திரும்பிச்சு வாய்,” என்று சாச்சா பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார்.

இரண்டு மணி நேரம் கதைத்தார்கள். வாப்பா வலை போடும் நேரம் வளைவின் வெளிக் கம்பில் ஒரு சிவப்புத் துணி கட்டுவது, துணி இருக்கும் வரை பட்டங்கள் வடக்குப் பக்கம் தள்ளி நிற்பது, துணி இறங்கியதும் வளைவு அவர்களுக்கு. துணிக்கு உம்மாவின் பழைய திரைச்சீலையைக் கொடுத்தோம். மனேஜர் முழு மனதோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மீனும் முதல் நாளே திரும்பி வந்துவிடவில்லை. திங்கட்கிழமை வாப்பா போகவில்லை. பேக் கதிரையிலேயே இருந்தது. புதன்கிழமை அரைப்பெட்டி மீன் வந்தது. அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் போக உம்மா பேக்குக்குள் இருந்த சாரனை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு பேக் அலுமாரியின் மேலே ஏறிவிட்டது.

கொப்பி இன்னும் இருக்கிறது. அந்தச் சொல்லின் மீது எனக்கு ஆசை குறையவில்லை. இடது பக்கத்தில், அகராதியின் வரிக்குக் கீழே, என் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: அசைகிறதற்கு இலேசு, கீழே இருக்கிறதிடமும் கேட்க வேண்டும். வீடு மாறுகிற பொருளுக்கு எதிரே, வெறுமையாக விட்டிருந்த வலது பக்கத்தில், தோணியில் ஏறக் காலைத் தூக்க முடியாமல் நின்ற ஒரு பெண்ணை எழுதினேன். அதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “ஓம்,” என்றார். “அப்படித்தான் நிண்டாங்க.”

போன கிழமை ஒரு பின்னேரம், வேலை விட்டுக் கரையோரமாக வந்துகொண்டிருந்தேன். வெயில் முதுகில் இருந்தது. சிவப்புத் துணி கம்பில் படபடத்தது. பட்டங்கள் வடக்கே, வானத்தின் ஓரத்தில், நகக்கீறல் அளவில் நின்றன. எனக்கு முன்னால் என் நிழல் நீளமாக, தலை தண்ணீரைத் தொடும் அளவுக்குப் போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, எதையோ நினைத்துக்கொண்டே நடந்திருக்கிறேன்.

“ஆரு அது?” வாப்பா திரும்பிப் பார்க்காமல் குரல் கொடுத்தார். “நிழலத் தூக்கிட்டு அங்கால போ!”

நான் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். இரண்டு கையையும் கீழே விட்டு, பாரமான எதையோ தூக்குவது போலத் தூக்கி, குனிந்து, மறுபக்கமாகச் சுற்றிப் போனேன்.